நுரையே இல்லாமல் பாத்திரம் துலங்குவது எப்படி?

பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான தூளில் நெடுங்காலம் பாஸ்பேட்தான் முக்கியப் பொருள். உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்துவைத்து, கண்ணாடி டம்ளரில் வெள்ளைத் திட்டு படியாமல் அது பார்த்துக்கொண்டது. ஆனால் சாக்கடை வழியே ஏரிக்குப் போனதும் அதுவே பாசிக்கு உரம். பாசி மண்டி, மடிந்து, அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் சாகின்றன. 2017 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் வீட்டு உபயோகத் தூளில் பாஸ்பரஸுக்குக் கடும் வரம்பு விதித்தது மிகச் சரியான முடிவு.

இப்போது அந்த வேலையைச் செய்வது சிட்ரேட். எலுமிச்சைக்குப் புளிப்பு தரும் சிட்ரிக் அமிலத்தின் உப்பு. வேலை முடிந்ததும் நுண்ணுயிர்கள் அதை எளிதில் சிதைத்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கைத் தளர்த்துவது சலவை சோடா.

எனக்கு வியப்பளிப்பவை என்சைம்கள்தான். தட்டில் காய்ந்து ஒட்டிய சோற்றுப் பருக்கையை நகத்தால் சுரண்டினாலும் வராது. ஸ்டார்ச் மூலக்கூறுகளின் நீண்ட சங்கிலி அங்கே இறுகியிருக்கிறது. அமைலேஸ் அதை ஆங்காங்கே வெட்டுகிறது. துண்டுகள் நீரில் கரைந்து போகின்றன. நம் எச்சிலிலும் இதே வகை என்சைம் உண்டு. முட்டைக் கறையின் புரதத்தை அறுப்பது புரோட்டியேஸ். தேநீர்க் கறைக்குச் சோடியம் பெர்கார்பனேட்: வெந்நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிட்டு நிறத்தை வெளுக்கிறது, மிஞ்சுவது நீர், ஆக்சிஜன், சோடா.

நுரை எழும்பினால் நீர் பீய்ச்சும் வேகம் குறையும். ஆகவே இயற்கையானதுதானே என்று பூந்திக்கொட்டைக் கரைசலை உள்ளே ஊற்றாதீர்கள். அலுமினியப் பாத்திரத்தையும் வைக்காதீர்கள்; எத்தனை பசுமையான தூளானாலும் அதன் காரம் அலுமினியத்தைக் கறுக்க வைக்கும்.