தண்டவாளத்தைக் கடக்குமுன்...



ஆலய மலரில் இரயில் தண்டவாளத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் வியக்கலாம். நம் ஆலயம் பாதைக்கு அந்தப் பக்கம். குடியிருப்பு இந்தப் பக்கம். வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும் பாட்டி முதல், பால்குடம் எடுக்கும் பிள்ளை வரை இந்தப் பாதையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஆகவே இது நம் ஆலயத்துக்கு உரிய விஷயமே.

நெகிரி செம்பிலானில் இரயில் ஓடத் தொடங்கியது 1891ஆம் ஆண்டில். சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த பாதை அது. மலாயாவில் காடழித்து, மண் மேடு கட்டி, சரளைக்கல் சுமந்து பாதை போட்டவர்களில் நம் முன்னோர்கள் ஏராளம். பின்னர் பாதையோரமெங்கும் பால்மரத் தோட்டங்கள் எழுந்தன. லயம் ஒருபுறம், பள்ளியும் கோயிலும் மறுபுறம் என்று அமைந்துவிட்ட தோட்டங்கள் பல. அன்று ஒற்றைப் பாதை. வந்துபோன இரயில்களும் சில. எந்த நேரத்துக்கு எது வரும் என்று பால் வெட்டுக்குப் போகும் தாய்மார்களுக்கே மனப்பாடம்.

அந்தக் காலம் மலையேறிவிட்டது. சிரம்பான்–கெமாஸ் இரட்டைப் பாதை 2013ஆம் ஆண்டில் நிறைவடைந்தது. ஏறத்தாழ 98 கிலோமீட்டர் நீளமுள்ள அதனை அமைத்துத் தந்தது இந்தியாவின் இர்கோன் நிறுவனம். இன்று அதில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் மின்சார இரயில் ஓடுகிறது. சாலை குறுக்கிட்ட இடங்களில் மேம்பாலங்களும் சுரங்க வழிகளும் வந்தன; இருபுறமும் வேலி வந்தது. இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் எங்கள் தோட்டத்தாருக்கு மேம்பாலம் அமைந்தது இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால். விளைவு? ஆறே மாதத்தில் வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவு ஓட்டை விழுந்தது.

வாத்தியார் கற்ற பாடம்

முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் நான். "நில், பார், கேள்" என்று எத்தனையோ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நானே, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி உத்திரத்துக்கு முதல் நாள், பூமாலைக் கூடையுடன் அந்த ஓட்டை வழியே நுழைந்தேன். சரக்கு இரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. நின்றேன். கடைசிப் பெட்டி தாண்டியதும் காலெடுத்து வைத்தேன். "சார், நில்லுங்க!" என்று ஒரு குரல். என் பழைய மாணவன், பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டான். மறு பாதையில் எதிர்த்திசையிலிருந்து மின்சார இரயில் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. கூடை எங்கோ போய் விழுந்தது. நான் தப்பியது முருகன் அருள் என்றார் என் துணைவியார். அருள்தான். ஆனால் தினமும் அந்த வழியே நுழைந்துவிட்டு, ஒவ்வொரு முறையும் அருளை எதிர்பார்ப்பது பக்தியாகாது.

கண் ஏன் ஏமாறுகிறது?

அன்று முதல் இதைப் பற்றித் தேடிப் படிக்கலானேன். ஆகாய விமானம் தரையிறங்கும்போது மெல்ல மிதந்து வருவதுபோல் தெரிகிறதல்லவா? பெரிய உருவம் உண்மையான வேகத்தைவிட மெதுவாக வருவதாகவே நம் கண்ணுக்குத் தோன்றும். இரயிலும் அப்படித்தான் என்று அமெரிக்க உளவியல் அறிஞர் ஹெர்ஷல் லைபோவிட்ஸ் 1985ஆம் ஆண்டில் விளக்கினார்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 140 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 39 மீட்டர். இரட்டைப் பாதையை முழுதும் கடக்க வயதானவருக்குப் பத்து விநாடியாவது வேண்டும். அந்தப் பத்து விநாடியில் இரயில் 390 மீட்டர் வந்துவிடும். வளைவில் அவ்வளவு தூரம் கண்ணுக்கே தெரியாது. ஓட்டுநர் நம்மைக் கண்டு பிரேக் போட்டாலும் பயனில்லை. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் ஓடுவதால் உராய்வு குறைவு. நிற்பதற்குள் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு ஓடிவிடும். காரைப் போல் விலகிச் செல்லவும் அதற்கு வழியில்லை.

தாயகம் தரும் படிப்பினை

இந்தியாவில் அத்துமீறித் தண்டவாளம் கடப்பதால் ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் இறக்கிறார்கள் என்று 2012ஆம் ஆண்டில் ககோத்கர் குழு அறிவித்தது. அகல இரயில் பாதைகளில் ஆளில்லாக் கேட்கள் அனைத்தும் 2019 ஜனவரியோடு ஒழிக்கப்பட்டன. ஆனாலும், 2025 ஜூலை 8ஆம் தேதி கடலூர் அருகே செம்மங்குப்பத்தில், ஆளுள்ள கேட்டிலேயே பள்ளி வேன் மீது இரயில் மோதி 3 மாணவர்கள் உயிரிழந்தனர். செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கே இருந்தது சிக்னலோடு இணைக்கப்படாத கேட். இணைக்கப்பட்ட கேட்டில், கதவு மூடிப் பூட்டப்பட்டால்தான் இரயிலுக்குப் பச்சை விளக்கு விழும். மனிதர் மறந்தாலும் இயந்திரம் தடுக்கும். இணைக்கப்படாத கேட்டில் எல்லாம் தொலைபேசிப் பேச்சையும் ஒருவருடைய கவனத்தையும் நம்பியே நடக்கின்றன. ஆகவே, கேட் திறந்திருக்கிறது என்பதற்காகப் பாதை பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. கெமாஸிலிருந்து பகாவ் வழியாகத் தும்பாட் செல்லும் கிழக்குக்கரைப் பாதை இன்றும் ஒற்றைப் பாதையே. சாலை குறுக்கிடும் இடங்கள் அங்கே உண்டு. அப்பக்கத்துத் தோட்ட அன்பர்கள் இதை மறவாதிருப்பார்களாக.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. ஓர் இரயில் போன பின், மறு பாதை இருபுறமும் தெளிவாகத் தெரியும் வரை காத்திருங்கள். இரண்டாவது இரயிலே எமன்.

2. கைத்தொலைபேசியையும் காதில் மாட்டும் கருவியையும் எடுத்துவிடுங்கள். மின்சார இரயிலின் ஓசை கிட்ட வந்த பிறகுதான் கேட்கும்.

3. மோட்டார் சைக்கிளில் தண்டவாளத்தை நேர்குறுக்காகக் கடக்கவும். சாய்வாகப் போனால், மழை நேரத்தில் டயர் வழுக்கிவிடும்.

4. செம்பனைக்குலை ஏற்றிய லோரி, மறுபுறம் முழு லோரிக்கும் இடமிருந்தால் மட்டுமே உள்ளே நுழைய வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் வண்டியைக் காப்பாற்ற முயலாமல், ஆட்கள் எல்லாரும் உடனே இறங்கி விலகி ஓடவும்.

5. மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. தொடாமல் நெருங்கினாலே தாக்கும். குலை அறுக்கும் அலுமினியக் கம்பு, கொடிக்கம்பம், உயர்ந்த காவடி எதையும் அதன் அருகே கொண்டு செல்லாதீர்.

ஆலயம் செய்தது

வேலி ஓட்டையை அடைத்தார்கள், மீண்டும் விழுந்தது. மக்கள் நடக்கும் இடத்தில் வழியில்லாவிட்டால், வழி இல்லாத இடத்தில் மக்கள் நடப்பார்கள். இது சோம்பல் மட்டுமன்று. முழங்கால் வலியுள்ள மூதாட்டிக்கு இரண்டு கிலோமீட்டர் போய், இரண்டு கிலோமீட்டர் வருவது எளிதா? எனவே பழி சொல்வதை நிறுத்திவிட்டு, நிர்வாகக் குழு மூன்று முடிவுகளை எடுத்தது. வெள்ளிக்கிழமைகளில் குடியிருப்பிலிருந்து மேம்பாலம் வழியாக இலவச வேன் விடுகிறோம். இரத ஊர்வலம் பாதைக்கு அந்தப் பக்கமே சுற்றி வருகிறது. திருவிழா நாள்களில் அந்த ஓட்டையருகே இளைஞர் இருவர் நின்று, வருபவர்களை வேனுக்கு அனுப்புகிறார்கள். அவர்களில் ஒருவன், அன்று என் சட்டையைப் பிடித்திழுத்தவன்.

நடைபாலம் ஒன்று கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். தோட்ட மக்கள் அனைவரும் கையொப்பமிட்டு ஆதரவு தர வேண்டுகிறேன். பாலம் வரும் வரை, ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் பூசை முடிந்துவிடுமே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். வேன் வந்து சேராமல் தீபாராதனை காட்டுவதில்லை என்று குருக்கள் ஐயா ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நலமே விளைக.