சிகரெட் கம்பெனி சொன்ன புத்திமதி

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை இது. நிதானமாகவே போவோம்.

1998-ல் அமெரிக்காவில் ஃபிலிப் மோரிஸ் கம்பெனி, அதாவது மார்ல்பரோ விற்கிற அதே கம்பெனி, "யோசி, புகைக்காதே" என்று பிள்ளைகளுக்கு டி.வி.யில் விளம்பரம் கொடுக்க ஆரம்பித்தது. புகைப்பதும் புகைக்காததும் உன் கையில் இருக்கிறது, நீயே யோசித்து முடிவெடு என்கிற தொனி. பெற்றோருக்கென்றும் தனியாக ஒரு வரிசை வந்தது: பிள்ளைகளிடம் பேசுங்கள், கேட்டுக்கொள்வார்கள் என்று. விற்கிறவனே வேண்டாம் என்று சொன்னால் நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். சிலர் அதை அளந்து பார்க்கப் புறப்பட்டார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கத் தோதாக 2000-ல் 'ட்ரூத்' விளம்பரங்கள் வந்தன. 1998 நவம்பரில் 46 மாநிலங்கள் சிகரெட் கம்பெனிகளோடு செய்துகொண்ட வழக்குச் சமரசத்தின் பணத்தில் பிறந்த அமெரிக்கன் லெகசி ஃபவுண்டேஷன் எடுத்தவை. ஒன்றில் இளைஞர்கள் லாரியில் பிணப்பைகளைக் கொண்டுவந்து ஒரு சிகரெட் கம்பெனியின் வாசலில் அடுக்குவார்கள். 1,200 பைகள். புகையிலையால் அந்த நாட்டில் ஒரு நாளைக்குச் சாகிறவர்களின் கணக்கு. புத்திமதி எதுவும் இல்லை. உன்னை ஏமாற்றப் பார்க்கிறவன் இந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறான் என்று கை நீட்டிக் காட்டியதோடு சரி.

2002-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளைத் தொலைபேசியில் கேட்டிருந்தார்கள். 'ட்ரூத்' பார்த்தவர்களிடம் புகையிலைக்கு எதிரான எண்ணம் கூடியிருந்தது. ஃபிலிப் மோரிஸ் விளம்பரம் பார்த்தவர்களோ, புகைத்துத்தான் பார்ப்போமே என்கிற பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தார்கள்.

இங்கே நீங்கள் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். முதலாவது, ஏற்கெனவே சிகரெட் மேல் ஒரு கண் இருக்கிற பையனுக்குத்தானே சிகரெட் பற்றிய விளம்பரம் அதிகம் ஞாபகம் இருக்கும்? அப்படியானால் விளம்பரம் அவனைக் கெடுத்ததா, கெட ஆரம்பித்தவன் விளம்பரத்தைக் கவனித்தானா? இரண்டாவது, அந்த ஆய்வை எழுதியவர்களில் ஒருவர் லெகசி ஃபவுண்டேஷனின் தலைவரே. பந்தியில் சமையல் எப்படி என்று சமையல்காரரையே கேட்ட மாதிரி. முடிவு தப்பு என்று நான் சொல்லவில்லை. இன்னொருவரும் ருசி பார்த்தாக வேண்டும்.

2006-ல் அது நடந்தது. மெலனி வேக்ஃபீல்டும் கூட்டாளிகளும் பிள்ளைகளிடம் "இந்த விளம்பரம் பார்த்தாயா" என்று கேட்கவே இல்லை. 75 டி.வி. ஒளிபரப்பு வட்டாரங்களில் எந்த விளம்பரம் எவ்வளவு ஓடியது என்கிற ரேட்டிங் கணக்கை எடுத்தார்கள். அதே ஊர்களின் பள்ளிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கொடுத்திருந்த பதில்களோடு பொருத்திப் பார்த்தார்கள். பையனின் ஞாபகத்துக்கு இதில் வேலையே இல்லை. பிள்ளைகளைப் பார்த்துப் பேசிய கம்பெனி விளம்பரங்களால் பெரிதாக எந்த விளைவும் தெரியவில்லை. பெற்றோரைப் பார்த்துப் பேசியவைதான் வினை. அவை அதிகம் ஓடிய இடங்களில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் புகைப்பதை அவ்வளவு ஆபத்தாக நினைக்கவில்லை. போன மாதம் புகைத்தவர்களும் அங்கேதான் அதிகம். பதினாறு வயதுக்காரனிடம் "நீ சின்னப் பிள்ளை, அதனால் வேண்டாம்" என்பதைத் தவிர வேறு காரணமே சொல்லாவிட்டால் அவன் எந்தப் பக்கம் போவான் என்பது, வீட்டில் அந்த வயதில் ஒருவன் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் ஒரு நூலில் தொங்குகிறது: பிள்ளை உண்மையைச் சொன்னானா? ஆராய்ச்சி அறம் என்று பெரியவர்கள் பேசுவது இங்கேதான் கையைக் கடிக்கிறது.

மைனரிடம் கேள்வி கேட்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். சரிதான். ஆனால் கையெழுத்து வாங்கி வந்தால்தான் சேர்ப்போம் என்றால், கடிதம் புத்தகப் பையின் அடியில் கசங்கிப்போகிற பிள்ளைகள் விட்டுப்போவார்கள். அவர்களில்தான் புகைக்கிறவர்கள் அதிகம். ஆய்வு யாருக்காகவோ அவர்களே பட்டியலில் இல்லை. மறுப்பு இருந்தால் மட்டும் எழுதி அனுப்புங்கள் என்று விட்டால் எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள்; கடிதத்தையே பார்க்காத அப்பாவின் மௌனமும் சம்மதமாகிவிடும். எனக்கு இரண்டாவது வழி தேவலை என்று படுகிறது, பெயர் எழுதாத தாளாக இருந்தால் மட்டும்.

ஹூஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ரிச்சர்ட் எவன்ஸ் 1977-ல் வேறு வழி பார்த்தார். எச்சிலில் நிக்கோடினைக் கண்டுபிடித்துவிடலாம் என்று பிள்ளைகளுக்கு ஒரு படம் போட்டுக் காட்டி, எச்சிலையும் வாங்கிக்கொண்டு, பிறகு கேட்டார். புகைத்தேன் என்று ஒப்புக்கொண்டவர்கள் கூடினார்கள். இதைப் பின்பற்றிய பல ஆய்வுகளில் வாங்கிய எச்சில் பரிசோதனைக்கே போகவில்லை. பிள்ளையிடம் பொய் சொல்லி உண்மையை வாங்குவது! முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று அறக்குழுக்கள் கேட்கும். சொன்னால் அடுத்த வகுப்பு உஷாராகிவிடும் என்பது ஆய்வாளர் கவலை.

அதே எவன்ஸ்தான், நண்பன் நீட்டும் சிகரெட்டை மறுக்கப் பிள்ளையைப் பழக்க வேண்டும் என்கிற பாடமுறைக்கும் பிள்ளையார் சுழி போட்டவர். அந்த வழியில் வந்த பாடங்களைத்தான் வாஷிங்டன் மாநிலத்தில் ஹட்சின்சன் ஆய்வு சோதித்தது. 40 பள்ளி மாவட்டங்கள். குலுக்கலில் விழுந்த 20-க்கு மூன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை 65 பாடங்கள். மீதி 20-க்கு இல்லை. நல்லது என்று நம்புகிற ஒன்றைப் பாதிப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் வைப்பது நியாயமா என்று உங்களுக்கும் கேட்கத் தோன்றும். 8,388 பேரை, பள்ளி முடித்து இரண்டு வருடம் வரை விடாமல் பின்தொடர்ந்தார்கள். 2000 டிசம்பரில் முடிவு வெளிவந்தது: இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குத்தான் புகைத்தார்கள். கோடிக்கணக்கில் செலவழித்த பிறகு, பலன் இல்லை என்பதை மறைக்காமல் அச்சில் போட்டார்கள். குலுக்கலில் பாடம் கிடைக்காமல் போன அந்த 20 மாவட்டங்களில் யாரும் எதையும் இழக்கவில்லை.