வரையறுத்தலும் அழைத்தலும்

கணிப்பொறிக்கு நிரல் எழுதப் பழகுவோர் முதலில் திகைத்து நிற்கும் இடம் ஒன்றுண்டு. செல்சியஸ் அளவிலுள்ள வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டாக மாற்றும் கட்டளைகளை எழுதி, அவற்றுக்கு 'மாற்று' என்று பெயரும் சூட்டி, நிரலை ஓட்டுகின்றனர். திரையில் ஒன்றும் தோன்றுவதில்லை. பொறி பழுதுற்றதோ என ஐயுறுகின்றனர். பழுதேதும் இல்லை, செயற்கூற்றை வரையறுத்தவர்கள் அதனை அழைக்க மறந்தனர், அவ்வளவே.

பெயரொன்றின்கீழ் தொகுத்து வைத்த கட்டளைகளையே செயற்கூறு என்கிறோம். வரையறுக்கும்போது பொறி அவற்றைக் குறித்துக்கொள்கிறதேயன்றி நிறைவேற்றுவதில்லை. 'மாற்று(37)' என்று நாம் அழைத்த பின்னரே 37ஐ 1.8ஆல் பெருக்கி, 32ஐக் கூட்டி, 98.6 என விடை காண்கிறது. 100 கொடுத்தால் 212 வரும். விடையைத் திரையில் அச்சிடுவது வேறு, அழைத்த இடத்துக்குத் திருப்பித் தருவது வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அச்சிட்ட எண் நம் கண்ணுக்குப் புலப்படும். நிரலின் அடுத்த வரிக்கு அது எட்டாது.

அழைத்த இடத்துக்குத் திரும்புவது எளிய காரியமாகத் தோன்றலாம். தொடக்கத்தில் அது எளிதாயிருக்கவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணிப்பொறி 1949 மே 6 அன்று தன் முதல் நிரலை இயக்கிற்று. தம் வாழ்நாளில் பெரும்பகுதி தம் நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியும் என்று அந்நாளில் உணர்ந்ததாக, அதனை அமைத்த மாரிஸ் வில்க்ஸ் பின்னர் எழுதினார். ஒருமுறை சோதித்த பகுதியையே மீண்டும் பயன்படுத்தினால் அத்தொல்லை குறையுமன்றோ? ஆகவே அடிக்கடி வேண்டப்படும் கணக்குகளுக்குத் துணைநிரல்கள் எழுதி, துளையிட்ட காகித நாடாக்களில் ஒரு நூலகமாகவே திரட்டி வைத்தனர்.

ஆனால், ஒரே துணைநிரலைப் பத்து இடங்களிலிருந்து அழைத்தால், வேலை முடிந்தபின் அது எவ்விடம் திரும்பும்? டேவிட் வீலர் என்னும் இளைஞர் இதற்கு வழி கண்டார். அழைக்கும் நிரல் தான் நிற்கும் இடத்தின் குறிப்பை, கணக்கு நடக்கும் பதிவகத்தில் விட்டுச் செல்லும். துணைநிரல் அதைக்கொண்டு திரும்பிச் செல்லும் கட்டளையைத் தானே ஆக்கித் தன் இறுதியில் பதித்துக்கொள்ளும். கடிதத்தோடு நம் விலாசம் எழுதிய உறையையும் வைத்தனுப்புகிறோமே, அதைப் போன்றது இது.

இம்முறையில் ஒரு குறை உண்டு. துணைநிரல் வேலை முடியுமுன் தன்னையே அழைத்துக்கொண்டால், புதிய விலாசம் பழையதை அழித்துவிடும். முதலில் அழைத்தவரிடம் திரும்ப வழியிராது. இக்காலப் பொறிகள் விலாசங்களைத் தட்டுகளைப் போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கின்றன.