பெல்ஜியத்தில் ஆப்பிரிக்க வழியினர்

பெல்ஜியம் மிகச் சிறிய தேசம். ஆயினும் தன்னைக் காட்டிலும் எழுபது மடங்குக்கு மேல் பரந்த காங்கோவை அது 1908 முதல் 1960 வரை ஆண்டது. அதற்கு முன் அந்நிலம் இரண்டாம் லியோபோல்டு மன்னரின் சொந்த உடைமையாகவே இருந்தது! முதல் உலகப் போருக்குப்பின் ருவாண்டாவும் புருண்டியும் அதே ஆளுகைக்குள் வந்தன. இந்நாடுகளை வேராகக் கொண்ட பெல்ஜியக் குடிமக்கள் தேசிய வாழ்வில் பெற்றுள்ள இடம் யாது என்பதைச் சற்று ஆராய்வோம்.

பிரிட்டனும் பிரான்சும் இரண்டாம் போருக்குப்பின் தம் குடியேற்ற நாடுகளிலிருந்தே தொழிலாளரை வரவழைத்தன. பெல்ஜியமோ ஆள் தேவைப்பட்டபோது 1946-இல் இத்தாலியோடும், 1964-இல் மொராக்கோ, துருக்கி நாடுகளோடும் ஒப்பந்தம் செய்ததேயன்றிக் காங்கோவை நாடவில்லை. ஆகவே சுதந்திரத்தையொட்டி வந்த காங்கோவினருள் பலர் மாணவர்களே. பட்டம் பெற்றுத் தாயகம் திரும்ப எண்ணியவர்களுள் பலரை அங்கு நிலவிய அரசியல் குழப்பம் தங்கவைத்துவிட்டது. பிரஸ்ஸல்ஸ் நகரில் அவர்கள் கூடுமிடம் கின்ஷாசாவின் பேட்டையொன்றின் பெயரால் மத்தோங்கே என வழங்குகிறது. அங்கே மரவள்ளி இலையும் விற்பனைக்குண்டு. நாம் கிழங்கோடு நிறுத்திக்கொள்கிறோம். அவர்கள் இலையையும் கறியாக்கி உண்பர்.

கற்றோர் சமூகமாதலின் உத்தியோகமும் எளிதிற் கிட்டியிருக்கும் என நாம் எண்ணலாம். 2017-இல் போதுவாங் மன்னர் அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வு வேறு கதை கூறுகிறது. இவர்களுள் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் உயர்கல்வி பெற்றவர்கள். வேலையின்மையோ நாட்டின் சராசரியைவிட மிக அதிகம். வேலை கிடைத்தோரிலும் பலர் தம் படிப்புக்குக் குறைந்த பணியையே செய்கின்றனர்.

இக்குறை புதிதன்று. பால் பண்டா ஃபர்னானா என்னும் காங்கோ இளைஞர் பெல்ஜியத்தில் வேளாண்மை பயின்றவர். 1914-இல் பெல்ஜியத்திற்காகப் போரிட்டு ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். 1919-இல் காங்கோவினருக்கென ஒரு சங்கம் நிறுவி, தம் மக்களுக்குக் கல்வியும் ஆட்சியில் பங்கும் வேண்டுமென வாதாடினார். ஒரு நூற்றாண்டு சென்றபின், 2018-இல்தான், காங்கோவிற் பிறந்த பியேர் கொம்பனி கான்ஸ்ஹோரன் நகராட்சியின் தலைவரானார். பெல்ஜியத்தில் அப்பதவி ஏற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அவருடைய மைந்தர் வின்சென்ட்டோ அதற்குப் பல்லாண்டுகட்கு முன்பே தேசியக் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கிவிட்டார். ஆடுகளத்தில் விரைந்து திறந்த கதவு ஆட்சி மன்றத்தில் மெல்லத்தான் திறந்தது.

நீதிமன்றத்தின் கதவோ இன்னும் தாமதித்தது. குடியேற்ற ஆட்சியில் வெள்ளையர் தந்தையாகவும் ஆப்பிரிக்கர் தாயாகவும் பிறந்த குழந்தைகளை அரசு தாயிடமிருந்து பிரித்துச் சமயநிலையங்களில் வளர்த்தது. இதற்காகப் பிரதமர் ஷார்ல் மிஷேல் 2019 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அவ்வாறு பிரிக்கப்பட்ட பெண்கள் ஐவர் அத்தோடு அமையாது வழக்கு நடத்தினர். கீழ்மன்றம் 2021-இல் அதைத் தள்ளியது. 2024 டிசம்பர் 2-ஆம் நாள் பிரஸ்ஸல்ஸ் மேல்முறையீட்டு மன்றம் அரசின் செயல் மானிட குலத்திற்கு எதிரான குற்றமே எனத் தீர்ப்பளித்து, ஒவ்வொருவருக்கும் 50,000 யூரோ இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அப்போது ஐவரும் எழுபது வயதைக் கடந்திருந்தனர்.