முதலில் உள்ளே போவது எது?

பசு ஈன்றதும் கன்றை நக்கி நக்கிக் காயவைக்கிறது. அரை மணியிலோ முக்கால் மணியிலோ கன்று தள்ளாடி எழுந்து மடியைத் தேடி முட்டத் தொடங்குகிறது. நம்மூர்த் தொழுவங்கள் பலவற்றில் அந்த நேரம் பார்த்துத்தான் கன்றைப் பிடித்து விலக்கிக் கட்டுகிறார்கள். “இளங்கொடி விழட்டும், அப்புறம் ஊட்டலாம்” என்பது தலைமுறை தலைமுறையாக வரும் பேச்சு. கொடி விழ எட்டு மணி நேரமாகலாம், பன்னிரண்டும் ஆகலாம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள் காலையில் வேன் ஏறினால் பொழுது சாயத்தான் வீடு திரும்புகிறார்கள். விடியற்காலையில் பிறந்த கன்று அதுவரை வெறும் வயிற்றோடு நிற்கிறது. பிற்பாடு வரும் கழிச்சலுக்கும் சாவுக்கும் கண்ணேறு, காலம், ஜாதி என்று ஆயிரம் காரணம் சொல்கிறோம். பெரும்பாலும் வினை அந்த வெறும் வயிற்றில்தான் தொடங்குகிறது.

மனிதக் குழந்தை கருவில் இருக்கும்போதே தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்களைக் கொடி வழியாகப் பெற்றுக்கொள்கிறது. மாட்டின் நஞ்சுக்கொடி அமைப்பு அதற்கு இடம் தருவதில்லை. அதனால் கன்று ஏறக்குறைய எந்தக் காப்பும் இல்லாமல் மண்ணில் விழுகிறது. அந்தக் காப்பு முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. பிறந்த கன்றின் குடல் அந்தப் பெரிய புரதங்களைச் செரிக்காமல் அப்படியே ரத்தத்துக்குள் விட்டுவிடும். ஆனால் இந்த வாசல் நெடுநேரம் திறந்திருக்காது. பிறந்த உடனே அகலத் திறந்திருப்பது ஆறு மணி நேரத்துக்குள் வெகுவாகச் சுருங்கி, ஒரு நாளில் கிட்டத்தட்ட அடைபட்டுவிடும். அதன்பின் குடம் குடமாகச் சீம்பால் கொடுத்தாலும் அது உணவாகுமே தவிர ரத்தத்தில் சேராது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அதே வாசல் வழியாகக் கிருமியும் நுழையும். சாணி அப்பிய மடியையும் மூத்திரம் ஊறிய தரையையும் நக்கும் கன்றுக்குள் முதலில் போவது சீம்பாலா, சாணியா என்பதுதான் கேள்வி.

கொடி விழுமுன் கறந்தால் கொடி தங்கிவிடும் என்ற பயத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. கொடி தங்கிக் கருப்பை கெட்டுப்போன மாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் உடலின் கணக்கு நேர்மாறானது. கன்று முட்டிக் குடிக்கும்போது பசுவின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் சுரக்கிறது. பாலை இறக்குவதும் அதுதான், கருப்பையைச் சுருங்கவைப்பதும் அதுதான். ஆகவே கன்று குடிப்பது கொடி விழுவதற்கு உதவியே செய்யும். விழுந்த கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கத்தை யாரும் விட வேண்டியதில்லை. அதுவரை கன்றைக் காக்கவைப்பதை மட்டும் விட்டால் போதும். 25 கிலோ எடையுள்ள கலப்பினக் கன்றுக்கு எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை லிட்டர் சீம்பால் வேண்டும். அதில் பெரும்பகுதி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும்.

பால் விற்றுப் பிழைக்கிற வீட்டில் கன்றுக்கு இவ்வளவு கொடுத்தால் கட்டுபடியாகுமா என்ற கேள்வியும் நியாயமானது. சீம்பாலைப் பொறுத்தவரை நட்டமே இல்லை. சூடாக்கினால் திரண்டுவிடும் என்பதால் எந்தப் பால் சொசைட்டியும் அதை வாங்குவதில்லை. நெருக்கடி அதற்குப் பிறகு வருகிறது. புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலேயே இருக்க, இந்த வட்டாரத்தில் பாலுக்கு எப்போதும் கேட்பு உண்டு. மூன்று மாதத்தில் ஒரு கன்று ஏறத்தாழ 225 லிட்டர் குடிக்கும். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தால் எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சந்தையில் ஒரு கறவை மாடு பிடிக்க இதைப்போலப் பல மடங்கு வேண்டும். அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரவுன் சுவிஸ் கன்றுகளில் ஒரு பகுதிக்கு 2 லிட்டரும் மறு பகுதிக்கு 4 லிட்டரும் சீம்பால் கொடுத்து, அவை ஈன்று கறக்கும்வரை கவனித்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். கூடுதலாகக் குடித்தவை முதல் இரண்டு ஈற்றிலும் கூடுதலாகக் கறந்தன. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்பைத் தடைசெய்த பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அப்படிப்பட்ட நாளில் கைக்காசு தருவது வாசலில் நிற்கும் பசு. அந்தப் பசுவுக்குப் பின் நிற்கப்போவது இன்றைய கிடாரிக்கன்று.

அடுத்தது தரை. கரிசல் மண் நீரை இழுத்து வைத்துக்கொள்ளும், வடியவிடாது. மழைப் பயிருக்கு வரமாக இருக்கும் இந்தக் குணம் தொழுவத்தில் கேடாகிறது. மேலே காய்ந்ததுபோல் தெரியும் இடத்தை விரலால் கிளறினால் அடியில் மூத்திரம் ஊறிக் கிடக்கும். கன்றுகளுக்கு ரத்தக்கழிச்சல் தரும் காக்சிடியா, சாணியோடு வெளியே விழும்போது நோய் பரப்பும் நிலையில் இருப்பதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்தால்தான் அந்த நிலைக்கு முதிரும். ஈரம் இல்லையென்றால் அதன் பாதி வேலை கெட்டது. தாய்மாட்டின் காலடியிலேயே கன்றைக் கட்டுவது பாசமாகத் தெரியலாம். அங்கே கன்று படுப்பது தாயின் சாணியில். தொழுவத்து மூலையில் சரளை கொட்டி, ஒரு சாண் மேடாக்கி, வெளிப்பக்கம் சரிவு விட்டு, மேலே காய்ந்த கூளம் பரப்பினால் பெரிய செலவில்லை. தாய் எட்டி நக்கும் தூரத்திலேயே அதை வைக்கலாம். கூரைக்குப் பனையோலைதான் குளிர்ச்சி. ஆனால் ராக்கெட் பொறி பறக்கும் ஊரில் ஓலைக்கு அஞ்சுகிறவர்கள், தகரத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தாலே உள்ளே வெக்கை குறையும்.

அந்தக் காலத்தில் இதெல்லாம் யார் பார்த்தார்கள் என்று கேட்கலாம். அந்தக் காலத்து நாட்டுமாடு குறைவாகவே கறந்தது. அதில் பெரும்பங்கைக் கன்றே குடித்தது, பகலெல்லாம் மேய்ச்சல் காட்டில் திரிந்தது. இன்றைய கலப்பினப் பசு நிறையக் கறக்கிறது, அளவு கூடக்கூடச் சீம்பாலில் எதிர்ப்புப் புரதத்தின் செறிவு குறைகிறது. கன்றோ நாள் முழுக்க ஒரே கட்டுத்தறியில் நிற்கிறது. மாடும் மாறி, அது வாழும் இடமும் மாறிய பிறகு பழைய கணக்கு எப்படிப் பொருந்தும்?

வேலைக்குப் போகிற வீடுகளுக்கு ஒரு வழி இருக்கிறது. நன்றாகக் கறக்கும் பசு ஈன்றதும், கன்று குடித்தது போக மிஞ்சும் முதல் கறவைச் சீம்பாலைத் தண்ணீர் பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. அடுத்த வீட்டுப் பசு ஈன்று மடி வற்றிக் கிடந்தாலும் அந்தப் பாட்டில் உதவும். கை பொறுக்கும் வெந்நீரில் பாட்டிலை நிறுத்தி உருகவைக்க வேண்டும். அடுப்பில் ஏற்றினால் புரதம் திரிந்துபோகும். உருகியதும் ரப்பர் காம்பு மாட்டி, கன்றின் தலையை மேல்நோக்கித் தூக்காமல், அது மடியில் குடிக்கும் உயரத்திலேயே பிடித்து ஊட்ட வேண்டும். வேன் வருவதற்குள் முடிந்துவிடும்.