வீதி தாங்குமா?

உத்தியோக நிமித்தம் டில்லிக்கு வந்த நம்மவர்களில் பலருக்கு முதல் ஜாகை சரோஜினி நகர், நேதாஜி நகர் போன்ற சர்க்கார் குடியிருப்புகளிலேயே அமைந்தது. அவை உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட 2016 ஜூலையில் மத்திய மந்திரி சபை அங்கீகாரம் அளித்தது. 12,970 வீடுகள் இருந்த இடத்தில் சுமார் 25,667 வீடுகள் என்பது திட்டம். வீடுகள் இரு மடங்காகும். வீதிகளும் இரு மடங்காகுமா?

2018-ல் அங்கே மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து ஜனங்கள் திரண்டனர். ஜூன் மாதத்தில் டில்லி உயர் நீதிமன்றம் தலையிட, வெட்டும் வேலை நின்றது. மரம் விழுந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. வீதியின் மேல் ஏறும் பாரமோ, புது வீடுகளில் ஜனங்கள் குடிவந்த பிறகே தெரிகிறது. அப்பொழுது முறையிட்டுப் பயனில்லை.

ரயில்வேயில் ஏடு எழுதிப் பிழைக்கும் நமக்கு ஒரு நியாயம் தெரியும். வண்டிகளைக் கூட்டுமுன் பாதை தாங்குமா என்று பார்ப்பார்கள். வீடு கட்டுவதிலும் அந்த நியாயம் இல்லாமல் இல்லை. 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட மத்திய சர்க்கார் அறிவிக்கை, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலுமான கட்டடங்கள் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி பெறவேண்டும் என்றது. வாகனம் நிறுத்த இடம் போதுமா, வாயில்களில் போக்குவரத்துக்கு என்ன ஏற்பாடு என்று விண்ணப்பத்திலேயே கேட்டது. ஆனால் கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் விசாரணை வேண்டுவதில்லை என்றும் அதே அறிவிக்கை விலக்கு அளித்தது. டில்லியில் சாலைத் திட்டங்களை ஆராய, வளர்ச்சி ஆணையத்தின் கீழ் 2008-ல் 'யூட்டிபெக்' என்ற அமைப்பு ஏற்பட்டது. ஆகவே அபிப்பிராயம் கூற நிபுணர் உண்டு. அந்த அபிப்பிராயம் எதை ஆதாரமாகக் கொண்டது என்பதே கேள்வி.

எங்கள் அனுபவத்தைச் சொல்கிறோம். காலனியின் பெயரும் காரியாலயத்தின் பெயரும் இங்கே வேண்டாம். எங்கள் சந்தின் முனையில் அடுக்குமாடி வீடுகள் வரப்போவதாக அறிந்து, எங்களில் நாற்பது குடும்பத்தார் கையொப்பமிட்டு மனுச் செய்தோம். காற்று போகும், வெளிச்சம் போகும், அமைதி போகும் என்று எழுதினோம். "கவனிக்கப்பட்டது" என்று ஒரு வரி பதில் வந்தது. பிறகு, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டிச் சாலை பற்றிய அறிக்கையின் நகலைப் பெற்றோம். அதில் வாகனங்களை எண்ணியது காலை பதினொரு மணிக்கு மேல். பள்ளிக்கூட வண்டிகள் அதற்குள் வந்து போய்விடும். ஓரத்துச் சாக்கடையும் வரிசையாக நிற்கும் ஸ்கூட்டர்களும் போக மிஞ்சும் அகலம் எவ்வளவு என்றும் அதில் இல்லை.

மூன்று நாள் காலை ஏழரை முதல் எட்டரை வரை, முறை வைத்து நின்று எண்ணினோம். அறிக்கையில் கண்டதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு வந்தது. அளவு நாடாவைப் பிடித்துச் சந்தையும் அளந்தோம். இரண்டாவது மனுவில் காற்றும் வெளிச்சமும் இல்லை. கணக்கு மட்டுமே இருந்தது. ஒரு மாதத்தில் மறுபடியும் எண்ணும்படி உத்தரவாயிற்று. வாயிலைப் பெரிய சாலைப் பக்கம் மாற்றுவது பற்றி இன்னும் முடிவாகவில்லை. ஆனால் எங்கள் கணக்கு இப்பொழுது கோப்பில் இருக்கிறது.

வாசகர்களுக்கு நாம் சொல்வது இதுதான். அறிக்கையைப் பாராமல் புகார் எழுதாதீர்கள். தகவல் கேட்டால் முப்பது நாளில் பதில் தரவேண்டும் என்பது 2005-ஆம் வருஷத்துச் சட்டம். எந்த நாள், எந்த நேரம் எண்ணினார்கள், பாதசாரிகளைக் கணக்கில் சேர்த்தார்களா, தீயணைப்பு வண்டி திரும்ப இடமிருக்கிறதா என்று பாருங்கள். தேதியும் நேரமும் குறித்து எழுதுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி உத்தரவை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் முறையிட 2010-ஆம் வருஷத்துச் சட்டம் கொடுத்த கெடுவும் முப்பது நாளே. தக்க காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள். ஆகையால் தகவலுக்கு மனுப் போடுவதில் ஒரு நாளும் தாமதம் கூடாது.

புது வீடுகளே வேண்டாம் என்பதல்ல நம் கட்சி. அந்த வீடுகளுக்கு வரப்போகிறவர்களும் மாற்றல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, பெட்டி படுக்கையோடு வந்து இறங்கும் நம்மைப் போன்றவர்களே. அவர்களுடைய குழந்தைகளும் அதே சந்தைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போகவேண்டும். நாம் இன்று எண்ணி வைக்கும் கணக்கு அவர்களுக்கும் சேர்த்துத்தான்.