காகம் காட்டிக்கொடுக்கும் காடு

20 வருடங்களாக எனக்குச் சோறு போடுவது சத்தம்தான். கோடம்பாக்கத்தில் சினிமாவுக்கு எஃபெக்ட்ஸ் செய்கிறேன். திரையில் கதாநாயகி ஈர மணலில் நடந்தால், ஸ்டுடியோவில் மணல் தட்டில் நடப்பது என் கால். கதவு முனகுவது, குடம் உருள்வது, வளையல் உரசுவது எல்லாம் என் கைவேலை. போன வருடம் ஒரு ராத்திரி, ஹெட்போனில் கேட்ட ஒரு சங்கிலிச் சத்தத்துக்கு எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அது ஒரு கம்ப்யூட்டர் கேமில் வந்த சத்தம்.

கேமின் பெயர் 'ஹன்ட்: ஷோடவுன்'. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி, "உன் காதுக்கு ஏத்த கேம் ஒண்ணு இருக்குக்கா" என்று சொல்லி இழுத்துவந்தான். கதை தொடங்கும் காலம் 1895. இடம் அமெரிக்காவின் லூசியானா. மிசிசிப்பி ஆறு கடலைத் தொடுவதற்கு முன் சேறும் நீருமாகப் பரந்து கிடக்கிற பூமி. சைப்ரஸ் மரங்கள் தண்ணீரிலேயே நிற்கும்; கிளைகளிலிருந்து நரைத்த தாடிபோலப் பாசி தொங்கும். அந்தப் பகுதியையே ஒரு தீமை பீடித்து, மனிதர்களைப் பேய்களாக உருக்குலைத்துவிட்டது. அவற்றை வேட்டையாடக் கூலிக்கு வந்தவர்கள் நாம்.

ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் 12 பேர். தனியாக இறங்கலாம், இரண்டு மூன்று பேர் சேர்ந்தும் இறங்கலாம். மேப்பில் 16 இடங்கள்: மர ஆலை, மீன் கொட்டகை, இறைச்சிக்கூடம், தேவாலயம் என்று. அவற்றில் ஒன்றிலோ இரண்டிலோ பெரிய அரக்கன் பதுங்கியிருப்பான். துப்புகளைத் தேடி எடுக்க வேண்டும். மூன்று கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். அரக்கனைக் கொன்று, உடலை எரித்து, பரிசுச் சின்னத்தை எடுத்துக்கொண்டு, எல்லையில் நிற்கும் வண்டிக்கோ படகுக்கோ உயிரோடு போய்ச் சேர வேண்டும். ஆனால் உடல் எரியத் தொடங்கியதுமே மற்ற எல்லா அணிகளுக்கும் அந்த இடம் தெரிந்துவிடும். எத்தனை பேர் உயிரோடு மிச்சம் இருக்கிறார்கள் என்று மட்டும் யாருக்கும் சொல்லமாட்டார்கள்.

இதைச் செய்தது ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து கிரைடெக் நிறுவனம். 'ஃபார் கிரை', 'கிரைசிஸ்' கேம்களால் பெயர் வாங்கியவர்கள். 2014-ல் அவர்களுடைய அமெரிக்கக் கிளை இதை அறிவித்தபோது, நாலு பேர் கூட்டாகப் பேய்களோடு மோதுவதுதான் ஆட்டம். அந்தக் கிளை மூடப்பட்டு வேலை ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் போனது. 2018-ல் ஆட வந்தபோது பேய்களோடு எதிரி மனிதர்களும் உள்ளே இருந்தார்கள். இந்த மாற்றம் நடக்காமல் போயிருந்தால் நான் இரண்டு வாரத்தில் விட்டிருப்பேன்.

பேய்கள் பயங்கரமானவைதான். உடலில் பூச்சிக்கூடு கட்டிய பெண் ஒருத்தி உண்டு. தலையே இல்லாத ஒரு மலை மனிதனும் உண்டு. அவனைச் சுற்றி ஊரும் அட்டைகள்தான் அவனுக்குக் கண். ஆனாலும் நாலைந்து ஆட்டத்தில் அவற்றின் புத்தி பழகிவிடும். பழகாதது மனிதன்.

மனிதன் எங்கே இருக்கிறான் என்று காதுதான் சொல்லும். தரை முழுக்கக் காட்டிக்கொடுக்கிற பொருள்கள். உடைந்த கண்ணாடி, காய்ந்த சுள்ளி, கூண்டில் கோழி, பட்டியில் நாய், சாகக் கிடந்து கனைக்கும் குதிரை. எல்லாவற்றுக்கும் மேல் காகங்கள். வயற்காட்டில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். நெருங்கினால் கரைந்துகொண்டு எழும்பும். காகம் கரைந்தால் விருந்தாளி வருவார் என்பாள் என் பாட்டி. அங்கே காகம் எழும்பினால் துப்பாக்கியோடு ஒருவர் வருகிறார் என்று அர்த்தம். எங்கேயோ ஒரு வேட்டு கேட்டால், எந்தத் துப்பாக்கி, எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று தம்பி கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்.

துப்பாக்கிகளும் அந்தக் காலத்தவை. பிரெஞ்சுக்காரர்களின் 1886 லெபெல், ரஷ்யாவின் 1891 மோசின்-நாகன்ட் மாதிரி. ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். தலையில் பட்டால் ஒரே குண்டில் முடிந்தது. கூட்டாளி எழுப்பிவிடாவிட்டால், செத்த வேட்டைக்காரர் செத்தவர்தான். அவர் கற்ற வித்தையும் சுமந்த ஆயுதமும் அவரோடு போய்விடும். அதனால்தான் யாரும் அவசரப்படுவதில்லை.

அன்று ராத்திரி, சதுப்புக்கு நடுவே ஒரு தேவாலயம். பிணங்களை ஒட்டுப்போட்டுச் செய்ததுபோன்ற ராட்சதச் சிலந்தி உத்தரத்தில் ஓடும் தடதடப்பைக் கேட்டுக் கேட்டே அதைச் சுட்டு வீழ்த்தினோம். உடலுக்குத் தீ வைத்தாயிற்று. நான் மேஜைக்குப் பின்னால், தம்பி மாடிப்படியில். கேமுக்குள் மைக்கில் பேசினால் பக்கத்தில் இருக்கும் எதிரிக்கும் கேட்கும். ஒருமுறை அப்படிக் குசுகுசுத்தே செத்திருக்கிறோம். அதிலிருந்து வாட்ஸ்அப் கால்தான்.

தவளைச் சத்தம். தீ பொரிகிற சத்தம். வேறொன்றும் இல்லை.

பிறகு, பின்வாசலில் தொங்கும் சங்கிலி 'சிலுங்' என்றது. இரண்டு மூன்று நொடி கழித்து இன்னொரு 'சிலுங்', முன்னதைவிட மெல்லியதாக.

"அசையாதக்கா," என்றான் தம்பி.

முதல் சத்தம் கேட்டபோது எனக்குப் பயம் வரவில்லை. இரண்டாவதுதான் தூக்கிப்போட்டது. யாரோ உள்ளே வந்து, சங்கிலியில் பட்டு, ஐயோ என்று பின்னால் போயிருக்கிறார். பேய் பின்வாங்காது. தான் போட்ட சத்தத்துக்குப் பேய் வருத்தப்படாது. சுவருக்கு அந்தப்பக்கம் என்னைப்போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார், எந்த ஊரோ, எந்த வீட்டு அறையோ. அவரும் என்னைக் கேட்கக் காத்திருக்கிறார். நாலு நிமிடம் அப்படியே இருந்தோம். கால் மரத்துப்போய் நான் சற்றே நகர்ந்தேன், பலகை முனகியது. பலகைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்த குண்டு என் வேட்டைக்காரியின் கதையை முடித்தது.

இந்தக் கேம் மாதிரியான திகிலைக் காதிக் திகில் என்பார்கள். 1764-ல் இங்கிலாந்தில் ஹொரேஸ் வால்போல் எழுதிய நாவலிலிருந்து தொடங்கும் மரபு: பாழடைந்த கோட்டை, உள்ளே அடங்காத பழைய பாவம். அமெரிக்காவின் தெற்கில் கோட்டை கிடையாது. அங்கே தோட்ட முதலாளிகளின் மாளிகைதான் கோட்டை. அடிமைகளின் உழைப்பில் கரும்பும் பருத்தியும் விளைந்த நிலம் அது. உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்து அடிமைமுறை ஒழிந்தது; ஆனால் 1896-ல் அதே லூசியானாவிலிருந்து போன வழக்கில்தான், கறுப்பர்களைத் தனியே ஒதுக்கி வைப்பது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2024 ஆகஸ்டில் புது மெருகோடு வந்தபோது கேமின் பெயரோடு 1896 என்ற எண்ணும் சேர்ந்தது. கொலராடோ மலையிலும் ஒரு களம் வந்தது. வேட்டையின் நடுவே இந்த வரலாற்றை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஆனால் ஆளில்லாத மாளிகையின் படியேறும்போதெல்லாம், இந்தப் பலகையை முதலில் தேய்த்தது யார் கால் என்று எனக்குத் தோன்றும். அதையும் கேம் இன்னும் உரக்கச் சொல்லலாம் என்பது என் ஆசை.

போன மாதம் ஒரு படத்துக்கு எஃபெக்ட்ஸ் செய்தேன். இருட்டில் திருடன் காலில் பாத்திரம் இடறும் காட்சி. பாத்திரம் உருண்டு அடங்கியதும், இரண்டு நொடி விட்டு, அவன் காலைப் பின்னுக்கு எடுக்கும்போது தரையில் மணல் நெரிகிற சத்தத்தைச் சேர்த்தேன். கேட்டும் கேட்காமலும் இருக்கும் அளவுக்கு.

டைரக்டர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அது எதுக்கும்மா அங்க?" என்றார்.

"இருக்கட்டும் சார். இன்னொரு தடவை லைட்டை அணைச்சிட்டுக் கேளுங்க," என்றேன்.